ஒஸ்லோவுக்குக் குக்கரில் போன இசை

ஒஸ்லோ விமான நிலையத்தில் என் குக்கரைத் திறக்க முடியாமல் இரண்டு சுங்கத்துக்காரர்கள் திண்டாடினார்கள். ஒருவர் ஆறடிக்கு மேல், மஞ்சள் தாடி, நீலக் கையுறை. மூடியை மேலே இழுக்கிறார், பக்கத்தில் திருகுகிறார். கூட இருந்த அம்மா அடியைப் பிடித்துக்கொள்ள, இவர் மேலே இழுத்தார். கைப்பிடி உடைந்தால் போகட்டும், உள்ளே இருப்பது கிழிந்தால்? "சார், சார், குடுங்க" என்று நானே வாங்கி, மூடியை உள்பக்கமாக அழுத்திச் சாய்த்து எடுத்துக் கொடுத்தேன். எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வித்தை.

உள்ளே பருப்பும் இல்லை, மசாலாவும் இல்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றிய காகிதக் கட்டு. "மியூசிக்" என்றேன். "மதாம் மியூசிக்." பயத்தில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான் வெளியே வந்தது.

தாடிக்காரர் மேல் தாளை எடுத்தார். கோடுகளைப் பார்த்தார். பிறகு ஒன்று செய்தார் பாருங்கள், என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு, மூக்காலேயே, முதல் வரியை முனகினார். பள்ளிக்கூடத்து பேண்டில் ஊதியவராம், இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தானாம், பிறகு தெரிந்துகொண்டேன். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். பத்தொன்பது வருசம் அந்தத் தாள்களைப் புரட்டியவன், ஆனால் அதில் ஒரு புள்ளியைக்கூட எனக்கு வாசிக்கத் தெரியாது. யாரோ ஒரு சுங்கத்துக்காரர் வாயிலிருந்து எங்கள் மதாம் வந்துவிட்டார்! குக்கரை மூடி, அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினேன். பின்னால் வரிசை நிற்கிறது என்று அந்த அம்மா சொல்ல வேண்டியதாயிற்று.

மதாம் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒதீல் வொமொரேன் என்று பெயர். பிரான்சில் ஓர் ஆற்றங்கரைச் சிற்றூர். அப்பா குடை விற்றவர், அம்மா மாதா கோயிலில் ஆர்கன் வாசித்தவர். ஞாயிறு தவறாமல் விடிவதற்கு முன்னாலேயே எழுப்பி இழுத்துப் போவாராம். பாரிசில் பெரிய இசைப் பள்ளியில் பியானோவுக்குப் பரிசு வாங்கினார். இசை எழுதும் வகுப்பில் சேர்கிறேன் என்று கேட்டபோது வாத்தியார், இவ்வளவு நல்ல கையை மையில் எதற்கு நனைக்கிறாய் என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போதெல்லாம் மதாம் முட்டையை ஒரு கையால் உடைத்துக் காட்டுவார். பதினோரு வருசம் ஒரு நடனப் பள்ளியில் பிள்ளைகள் கால் தூக்க இவர் வாசித்தார். காலை முழுக்க ஒண்ணு ரெண்டு மூணு நாலு. சாப்பாட்டு நேரத்தில் தன் சொந்த இசையை எழுதினார். நார்வே பாடகி ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, என்னோடு வா என்று ஒரு குளிர்காலம் முழுக்கக் கப்பலில் கூட்டிப்போனார், நார்வேயின் வடகோடியில் இருக்கும் ஹம்மர்பெஸ்ட் வரைக்கும். அங்கே பியானோக் கட்டைகள் குளிரில் விறைத்துக் கிடந்தனவாம். விரல் வெட்டிய கையுறையோடு வாசித்தாராம்.

அப்புறம்தான் புதுச்சேரி. அண்ணன் அங்கே வாத்தியார். மூன்று மாதம் பார்த்துப் போக வந்தவர், அண்ணன் காலமான பிறகும் ஊர் திரும்பவில்லை. உப்புக் காற்றில் பியானோக் கம்பி துருப்பிடிக்கிறது என்று திட்டிக்கொண்டே பதினாலு இசை எழுதினார். வெளியே யாரும் வாசித்ததில்லை. கேட்டவர்கள் மொத்தம் மூன்று பேர்: மதாம், நான், எதிர்வீட்டுத் தையல்காரர். நான் அங்கே சமையல். தினமும் நாலு மணிக்கு மதாம் உட்காருவார், "வேலா, வா" என்பார், நான் கையைத் துடைத்துக்கொண்டு இடதுபக்கம் போய் உட்கார்ந்து தாள் திருப்புவேன். வேலாயுதம் என்று முழுப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை.

கண்ணை மூடுவதற்கு முன்னால் காகிதக் கட்டை என்னிடம்தான் கொடுத்தார், எலி தின்னாமல் பார்த்துக்கொள் என்று. எலிக்கும் கரையானுக்கும் ஈரத்துக்கும் பழைய குக்கரைவிட நல்ல பெட்டி உண்டா? ரப்பர் போட்டு மூடினால் காற்றுகூடப் போகாது. அதனால் அப்படியே கொண்டுவந்துவிட்டேன். சென்னை விமான நிலையத்தில் விசிலை மட்டும் தனியாகக் கழற்றி, இது என்ன இரும்பு என்று மூன்று பேர் உருட்டிப் பார்த்தார்கள். அதோடு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

என்னை அழைத்தது மயூரி. ஒஸ்லோவில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முப்பத்தொரு வயசு, பியானோ வாசிப்பதே உத்தியோகம். இங்கே ஒரு நூலகத்தில் அந்தப் பாடகியின் பழைய கடிதங்களைப் பார்த்து, மதாமின் விலாசம் பிடித்து, புதுச்சேரிக்கே வந்தார். எட்டு மாதம் பிந்திவிட்டது. மதாம் வீட்டு வாசலில் அவர் உட்கார்ந்து அழுததைப் பார்க்க முடியாமல் நான் குக்கரைத் திறந்தேன். போனில் ஒவ்வொரு தாளாகப் படம் எடுத்துப் போனார். ஒரு வருசம் பயிற்சி. இப்போது புதன்கிழமை கச்சேரி, முழுக்க மதாம். அசல் தாள்களை நூலகத்தில் கொடுக்க வேண்டும், நீங்களே வாங்கோ மாமா என்றார்.

அன்று சனிக்கிழமை. விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் குளிர் காதைப் பிடித்துக் கடித்தது. மயூரி தன் அப்பாவின் கோட்டைக் கொண்டுவந்திருந்தார். அப்பா கொழும்பில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாராம். கோட்டோடு ஷூவில் மாட்ட இரண்டு ரப்பர் வளையம், அடியில் ஆணி ஆணியாக.

"மாமா, சப்பாத்துக்கு மேல இதைக் கொழுவுங்கோ. இல்லாட்டி ஐஸில சறுக்கி விழுவியள்."

"விழுந்தா குக்கர்?"

"முதல் உங்கட இடுப்பைப் பாருங்கோ."

டி-பானா என்கிற மெட்ரோவில் ஏறினால், அப்படி ஓர் அமைதி. இழவு வீட்டில்கூட இதைவிடச் சத்தம் இருக்கும். எதிரே இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் மட்டும் தலையோடு தலை ஒட்டிக் குசுகுசுத்தார்கள். நமக்கு எல்லாவற்றுக்கும் பயம். என் குக்கரைப் பற்றித்தான் பேசுகிறார்களா? மயூரியிடம் கேட்டேன். "இல்லை மாமா. அவளின்ர பூனைக்குச் சர்க்கரை வருத்தமாம். ஊசி போட விடுதில்லையாம்."

ரொம்சோஸ் ஸ்டேஷன் மலைக்குள் குடைந்தது. இறங்கி, பாறையை அண்ணாந்து பார்த்தபடியே வேகமாக வெளியே வந்தேன். வீட்டில் மயூரியின் அம்மா புவனா அக்கா பிட்டும் மீன்குழம்பும் வைத்துக் காத்திருந்தார். பிட்டு உதிரி உதிரியாக, குழம்பில் பழப்புளி. ஒரு சமையல்காரன் இன்னொருவர் சமையலைச் சும்மா பாராட்டமாட்டான். மூன்று முறை போட்டுக்கொண்டேன். மறுநாள் காலையில் பழுப்பாக ஒரு பாளத்தைச் சீவி ரொட்டிமேல் வைத்தார், சீஸாம். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது, இது திரட்டுப்பால், யாரோ கை தவறி உப்புப் போட்டுவிட்டார்கள்.

"ஹம்மர்பெஸ்ட் எண்டு உங்கட மதாம் சொல்லுறவவோ?" என்று புவனா அக்கா கேட்டார். "நாங்கள் வந்த புதுசில அங்கைதான் மீன் வெட்டினனாங்கள். ரெண்டு மாசம் சூரியனைக் காணேலாது. பிறகு விடுமுறைக்குப் போகேக்கை, இவள் ஆறு வயசில, அந்த ஊர் மண்டபத்துப் பியானோவிலதான் முதல் கை வைச்சவள்."

"அதுதான் அந்தக் கடிதத்தில ஹம்மர்பெஸ்ட் எண்டு கண்டதும் விடேல்லை" என்றார் மயூரி.

அதே பியானோவாக இருக்குமோ? இருக்காது. இருந்தாலும் நினைத்துக்கொண்டேன், ஒரே கட்டையில் இரண்டு பேர் விரல்.

ஞாயிறு மத்தியானம் மயூரி வீட்டுப் பியானோவில் உட்கார்ந்தார். தாள் இல்லை; ஒரு பலகைக் கணினி, காலால் ஒரு கட்டையை மிதித்தால் பக்கம் தானே மாறுகிறது. என் வேலையை ஒரு கால் செய்கிறது என்று கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வாசிக்க ஆரம்பித்ததும் எல்லாம் மறந்தது. மதாம் கைதான், மதாம் மூச்சுதான். ஏழாவது இசைக்கு வந்தார். "நாலு மணி" என்று மதாம் பெயர் வைத்தது. எனக்கு ரொம்பப் பிடித்தது. தேத்தண்ணிக் கோப்பையோடு கண்ணை மூடிக்கொண்டேன். நான் எப்போதும் எழுந்து போகிற அந்த இடம் வருகிறது, வருகிறது...

டாங்! டாங்! டாங்!

கோப்பை கையிலிருந்து போய்விட்டது. மயூரி இரண்டு கையாலும் கட்டையை மூன்று முறை ஓங்கி அடித்திருந்தார். அலமாரிக் கண்ணாடி இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

"அழாதேங்கோ மாமா," என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "எனக்கும் இந்த இடம் வரேக்கை இப்பிடித்தான்."

"இது... இது என்ன சத்தம்மா?"

கச்சேரிக்கு அச்சடித்த சின்னப் புத்தகத்தை எடுத்து, தமிழாக்கிச் சொன்னார். பேராசிரியர் இங்ரிட் என்பவர் எழுதியது. இந்த இசையின் நடுவில், தாளின் ஓரத்தில், இசையமைப்பாளர் தன் பென்சிலாலேயே மூன்று மணிகளை வரைந்திருக்கிறார். தாய் ஆர்கன் வாசித்த கோயிலின் மணிகள். எழுபது வருசம் கழித்து, இந்துமாக் கடலோரத்தில், ஒரு மகள் தன் தாயைக் கூப்பிடுகிறாள். இப்படி அரைப் பக்கம். பக்கத்திலேயே படமும் போட்டிருந்தார்கள். ஒரு குட்டி வட்டம், தலையில் ஒரு தொப்பி, மேலே ஒரு குமிழ். வரிசையாக மூன்று.

அதை வரைந்தது நான்.

மணி இல்லை அது. குக்கர் விசில். நாலு மணிக்குத் தாள் திருப்ப உட்காருவதற்கு முன்னால் ராத்திரிக்குப் பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டுத்தான் வருவேன். ஒருமுறை திருப்பும் மும்முரத்தில் மறந்து, பருப்பு தீய்ந்து, வீடெல்லாம் புகை. மதாம் தன் பென்சிலை நீட்டி, "எழுதி வை, இல்லன்னா மறப்பே" என்றார். அந்த இசை அந்தப் பக்கம் வரும்போது சரியாக மூன்றாவது விசில் வரும், நான் எழுந்து போய் அடுப்பை அணைக்க வேண்டும். எழுதுவதைவிட வரைவது சுலபம். மூன்று விசில் வரைந்தேன்.

மதாமுக்குக் கோயில் மணியே ஆகாது. பக்கத்துக் கோயிலில் அடித்தால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார்!

சொல்ல வாயைத் திறந்தேன். மூடினேன். மயூரி ஒரு வருசம் அந்த மூன்று அடியைப் பழகியிருக்கிறார். முழு இசையையும் அதை நோக்கித்தான் ஏற்றிக்கொண்டு போகிறார். புத்தகம் அச்சாகிவிட்டது. அங்கே பேராசிரியர், இங்கே எட்டாம் கிளாஸ். அதோடு இன்னொரு பயம்: நூலகத்துக்குப் போகிற தாளில் சமையல்காரன் கிறுக்கியிருக்கிறான் என்று தெரிந்தால் வாங்குவார்களா? கெடுத்துவிட்டாய் என்று பிடித்து வைத்துக்கொண்டால்? சொல்லாவிட்டாலோ, இனிமேல் உலகத்தில் யார் இதை வாசித்தாலும் மதாம் இசை நடுவில் என் பருப்பு மூன்று முறை இடி இடிக்கும். மதாம் எப்படி வாசித்தார் என்று சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை. தையல்காரரும் போய்விட்டார்.

திங்கட்கிழமை, ஊர் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனியாகக் கிளம்பினேன். யோசிக்கத்தான். தெருவைக் கடக்க நின்றேன்; கார் நின்றது. அது போகட்டும் என்று நான் நின்றேன். நான் போகட்டும் என்று அது நின்றது. இரண்டு பேரும் வெகுநேரம் மரியாதையாக நின்றோம். எங்கள் காந்தி வீதியில் இப்படி நின்றால் அங்கேயே குடியிருக்க வேண்டியதுதான். ஒரு காப்பிக் கடை வாசலில் பனியில் ஒரு தள்ளுவண்டி, உள்ளே குழந்தை தூங்குகிறது, பக்கத்தில் ஈ காக்கை இல்லை. பதறிப்போய் வண்டியைப் பிடித்துக்கொண்டு காவல் நின்றேன். கால்மணி கழித்து அம்மாக்காரி கோப்பையோடு வந்து, என்னைப் பார்த்து, குழந்தையைப் பார்த்து, "காவல் நின்றதற்கு நன்றி, ஆனால் அவள் எப்போதும் வெளியில்தான் தூங்குவாள்" என்கிற மாதிரி இங்கிலீஷில் சொன்னார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார்.

திரும்பும்போது டி-பானாவில் உட்கார்ந்து, சொல்வதா வேண்டாமா, சொல்வதா வேண்டாமா என்று நினைத்தபடியே ரொம்சோஸைத் தாண்டிவிட்டேன். எல்லாரும் இறங்கிவிட்டார்கள். விளக்கு மட்டும் எரிகிறது. வெஸ்ட்லியாம், கடைசி ஸ்டேஷன். வண்டி ஓட்டுகிறவர் முன்பக்கத்திலிருந்து இறங்கிப் பின்பக்கம் நடந்து வந்தார். கறுத்த முகம், நம்ம முகம். எனக்கு உயிர் வந்தது.

"அண்ணை, தமிழோ? இதில ஏன் இருக்கிறியள்?"

"ஸ்டேஷனை விட்டுட்டேங்க. தப்புங்களா? ஃபைன் போடுவாங்களா?"

"இந்தியாத் தமிழ்!" என்று சிரித்தார். "ஃபைனும் இல்லை, ஒண்டும் இல்லை. இருங்கோ, இதே வண்டிதான் திரும்பிப் போகுது. எனக்கு அஞ்சு நிமிசம் இருக்கு." குகன் என்று பெயர், ஹவுகன்ஸ்டுவாவில் வீடு. பிளாஸ்கிலிருந்து மூடியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அந்தச் சூடு தொண்டையில் இறங்கியதும் நான் மொத்தத்தையும் கொட்டிவிட்டேன். மதாம், விசில், மணி, பேராசிரியர், எல்லாம்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அண்ணை, இஞ்சை வேலையில ஒரு முறை இருக்கு. அவ்விக் எண்டு சொல்லுவினம். எங்கையாவது ஒண்டு பிசகினா, நீங்களே எழுதிக் குடுக்கவேணும். என்ன நடந்தது, எங்கை, எப்ப. அவ்வளவுதான். ஆர் பிழை எண்டு கேக்கமாட்டினம், அடுத்தமுறை என்ன செய்வம் எண்டுதான் கேப்பினம். எழுதினவனுக்கு ஒண்டும் செய்யாயினம். எழுதாமல் விட்டுப் பிறகு பிடிபட்டாத்தான் சோலி."

"நானே என் தப்பை எழுதிக் குடுக்கணுமா?"

"முதல் எனக்கும் விசராத்தான் இருந்தது. ஊரில ஆராவது தன்ர பிழையைத் தானே எழுதுவானோ? இப்ப பழகிட்டுது." மணியைப் பார்த்தார். "கோப்பையைத் தாங்கோ. ரொம்சோஸில நான் அறிவிப்பில தமிழில சொல்லட்டோ, அண்ணை இறங்குங்கோ எண்டு?"

"ஐயோ, வேணாங்க!"

செவ்வாய்க்கிழமை ஜெனரால்ப்ரூவ, அதாவது கடைசி ஒத்திகை. நூறு நாற்காலி போட்ட மண்டபம், கறுப்புத் திரை, நடுவில் கப்பல் மாதிரி பியானோ. முதல் வரிசையில் பேராசிரியர் இங்ரிட். வெள்ளை முடி, கம்பளிச் சட்டை, முழங்கையில் ஒட்டுத் துணி. இவ்வளவு படித்தவர் இவ்வளவு சாதாரணமாக உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மயூரி ஏழாவதை வாசித்தார். டாங், டாங், டாங். பேராசிரியர் கண்ணை மூடித் தலையசைத்தார்.

எழுந்தேன். "நான் ஒரு அவ்விக் குடுக்கணும்" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வேறு எந்த வார்த்தை சொல்லியிருந்தாலும் மயூரி, "பிறகு மாமா" என்றிருப்பார். அந்த வார்த்தைக்குப் பேராசிரியர் பேனாவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பிரெஞ்சு தெரியும். எனக்கு மதாம் வீட்டு அடுப்படிப் பிரெஞ்சு தெரியும். அதில் சொன்னேன்: என்ன நடந்தது, எங்கே, எப்போது. பாதியில் வார்த்தை போதவில்லை. சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து, கையோடு கொண்டுவந்திருந்த அசல் தாளில் என் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். வட்டம், தொப்பி, குமிழ்.

மயூரி அதைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பிறகு பியானோ மூடியைச் சாத்தினார், மெதுவாகத்தான், அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை கோப்பை விழேக்கை உங்களுக்குத் தெரியும். ஏன் மாமா அப்பவே சொல்லேல்லை?"

"பயந்துட்டேம்மா."

"ஒரு வரியமா நான் இதை..." கோட்டுகூடப் போடாமல் வெளியே போய்விட்டார்.

பேராசிரியர் முகம் செம்பருத்தி மாதிரி ஆகிவிட்டது. விசிலைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போது கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் பிரெஞ்சில் கேட்டது இதுதான்: "என்ன பருப்பு?"

"துவரம் பருப்பு, மதாம்."

எழுதிக்கொண்டார். எவ்வளவு நேரம், எந்த அடுப்பு, தினமுமா, எல்லாம் கேட்டு எழுதினார். கடைசியில் தன் புத்தகத்தை விரித்து, அந்த அரைப் பக்கத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார்.

மயூரி மூக்கு சிவக்கத் திரும்பி வந்தார். என் எதிரே நின்றார்.

"நீங்கள் அடுப்படிக்குப் போய் வருமட்டும் மதாம் என்ன செய்தவ?"

இதை யாருமே என்னிடம் கேட்டதில்லை. "சும்மா இருக்கமாட்டாங்கம்மா. அந்தப் பக்கத்துல கடைசியா வர்ற கீழ்ச் சத்தம் இருக்குல்ல, அத மட்டும் ஒத்த விரலால தட்டிக்கிட்டே இருப்பாங்க. மெதுவா. நான் வந்து திருப்புற வரைக்கும்." மயூரி பியானோவைத் திறந்து அந்தக் கட்டையைக் காட்டினார். என் தடித்த விரலால் தட்டினேன். டும். டும். டும். பிந்துகிறான், பிந்துகிறான் என்று சொல்கிற மாதிரி.

"அது குக்கருக்காக நிண்டதுதானே. இசையில இல்லையே."

அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. "இல்லம்மா. கடைசி நாலு வருசம் கரண்ட் குக்கர் வாங்கியாச்சு. அது தானா நின்னுடும். நான் எழுந்திருக்கவே வேண்டியதில்ல. அப்பவும் அந்த இடத்துல நிறுத்திட்டு என்னப் பாப்பாங்க. நான் உக்காந்திருந்தா, 'போ வேலா' ன்னு கண்ணாலயே விரட்டுவாங்க. நானும் போய்ட்டு சும்மா நின்னுட்டு வருவேன்."

மயூரி பேராசிரியரிடம் அதை அவர்கள் பாஷையில் சொன்னார். பிறகு மயூரி பலகைக் கணினியை மூடிப் பைக்குள் வைத்தார்.

"நாளைக்கு அசல் தாளில வாசிக்கிறன். நீங்கள்தான் திருப்பிறது. அந்த இடத்தில எழும்பிப் போகவேணும்."

"எங்கம்மா போறது?"

"எனக்கெப்பிடித் தெரியும்? அடுப்படிக்கு."

புதன்கிழமை மாலை ஆறு மணி. மயூரி அப்பாவின் கோட்டு, எனக்கு இரண்டு விரல் நீளம். ஆணி வளையத்தைக் கழற்ற மறந்து மேடையேறப் போனவனைப் புவனா அக்கா பிடித்து நிறுத்தினார்: "தம்பி, மரத்தரையைக் கீறிப்போடுவியள்!" நூறு நாற்காலியும் நிறைந்துவிட்டது. பாதி வெள்ளை முடி, பாதி நம்ம ஆட்கள். மூன்றாவது வரிசையில் சீருடையோடு குகன்.

ஆறு இசை முடிந்தது. ஒரு தாளும் வழுக்கவில்லை. ஏழாவதுக்கு முன் பேராசிரியர் எழுந்து நின்று பேசினார். புவனா அக்கா பிறகு சொன்னதை எழுதுகிறேன்: "உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தில் ஒன்பதாம் பக்கத்தைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். அவை கோயில் மணிகள் அல்ல. நான் தவறாகப் படித்தேன். சரியானதை வரைந்தவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார்." எல்லாரும் சிரித்தார்கள். கேலி இல்லை. பை தேடி, பேனா எடுத்து, நிஜமாகவே அடித்தார்கள்!

மயூரி ஆரம்பித்தார். முதல் பக்கம், திருப்பினேன். இரண்டாவது, திருப்பினேன். என் மூன்று விசில் தெரிந்தது. இரண்டு கையும் நின்று, ஒரு விரல் மட்டும் மிஞ்சியது. டும். டும். நான் உட்கார்ந்தே இருந்தேன். நூறு பேர் முன்னால் எப்படி எழுந்து போவது? மயூரி திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். போ வேலா.

எழுந்து போனேன். சப்பாத்துச் சத்தம் எனக்கே கேட்டது. திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர்க் கூஜா, சுவரில் தீயணைக்கும் உருளை. அடுப்பு இல்லை. ஆனால் கை தானாகப் போய், இடுப்புயரத்தில், காற்றில் ஒரு திருகு திருகியது. பால் பாத்திரத்தை மூடுவேன், மூடினேன். பூனை வராமல் பின்கதவைச் சாத்துவேன், சாத்தினேன். டும். டும். இங்கிருந்து கேட்கும்போது அது வேறு மாதிரி இருந்தது. மதாமுக்குப் பொறுமை கிடையாது, சீக்கிரம் வா என்று தட்டுகிறார் என்றுதான் இத்தனை வருசம் நினைத்து ஓடி ஓடி வந்திருக்கிறேன். அதில் அவசரமே இல்லை. வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறான் என்று தெரிந்தவர் தட்டுகிற மாதிரி இருந்தது.

ஓடாமல் நடந்து வந்தேன். மண்டபத்தில் ஒருவர்கூட இருமவில்லை. மயூரியின் விரல் அதே கட்டையில். உட்கார்ந்தேன், கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டேன், தாளைத் திருப்பினேன்.